பிறர் கூலியில் துறவு

உழைத்தவனுக்குரிய கூலியை நிறுத்தி வைப்பது பாவம் என்பதில் எந்தச் சமயத்துக்கும் அபிப்பிராயபேதம் இருந்ததாகத் தெரியவில்லை. எளியவனுடைய நாட்கூலியைச் சூரியன் அஸ்தமிக்குமுன் கொடுத்துவிட வேண்டும் என்று மோசேயின் நியாயப்பிரமாணம் விதிக்கின்றது. அறுவடை செய்தவர்களுக்குக் கொடாமற் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபு தமது நிருபத்தில் எச்சரிக்கிறார். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுங்கள் என்று நபிகள் நாயகம் பணித்தார் என்பதை இம் மூதூர்ப் பகுதியில் முஸ்லிம் அல்லாதாரும் அறிவர். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமோ பாவபுண்ணியம் பேசாமலே, கூலி கொடாத எசமானனுக்குத் தண்டம் விதித்து விஷயத்தை முடித்துவிடுகின்றது. இவ்வளவு ஏகமனதாக ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு விதி, கூலிக்குரியவர் ஆசிரியராகவும் எசமானன் பள்ளிக்கூடமாகவும் அமைந்துவிடும்போது மாத்திரம் தளர்ந்து, கடன்பட்டவன் தலைநிமிர்ந்து உபதேசம் செய்யவும் கடன் கொடுத்தவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருக்கவும் இடங்கொடுக்கின்றதே, அஃது ஏன் என்பதுதான் இங்கே ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி.

மகாவலி நீரை வயலுக்குக் கொண்டுவரும் அல்லைத் திட்டத்து வாய்க்கால்களை நம்பியிருக்கும் கிளிவெட்டியில், பெரும்போக அறுவடைக்காலத்து மாலை வேளைகளில், வரம்பில் நின்று கூலிக்காசை எண்ணிக் கொடுக்கும் காட்சியை எவரும் காணலாம். நெல் ஈரமாக இருக்கலாம், விலை விழுந்திருக்கலாம், வெட்டுமெசின்காரனுக்கே பாக்கி இருக்கலாம், ஆனால் வயலில் இறங்கியவனைப் பார்த்து, 'நீ உலகத்துக்கே சோறு போடுகிறாய், உன்னுடையது புனிதமான தொழில், ஆகையால் அடுத்த போகம் வரையில் பொறுத்திரு' என்று சொல்லத் துணிந்த கமக்காரனை நான் கண்டதில்லை. அதே கமக்காரன் ஊர் முன்பள்ளியின் நிர்வாக சபையில் அங்கத்தவனாக உட்காரும்போது, ஆசிரியையின் ஐந்து மாத, ஆறு மாதக் கொடுப்பனவு நிலுவையில் கிடப்பதைக் கேட்டுவிட்டு, 'அது சேவைதானே' என்று சாவதானமாகச் சொல்லிவிடுகிறான். அவன் கொடியவன் அல்லன். வயலில் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்த ஒன்று, பள்ளிக்கூடத்து விறாந்தையில் ஏதோவொரு புகைமூட்டத்தால் மறைந்துபோகின்றது; அந்தப் புகைக்குத் தசாங்க வாசனையும் இருப்பதால் யாரும் அதை விலக்க முற்படுவதில்லை.

சம்பள நிலுவை என்பது நமது பிரதேசத்தில் பல வேஷங்களில் வருகின்றது. அரசாங்கப் பாடசாலை ஆசிரியருக்கு மாதச் சம்பளம் ஒழுங்காக வங்கிக்கு வந்துவிடுமாயினும், தரமுயர்வுக் கடிதம் பிந்தினால் அதற்குரிய பணமும் பிந்திவிட, 'அரியஸ் வந்ததா?' என்பதே ஆசிரியர்கள் ஒருவரையொருவர் கண்டவிடத்துக் கேட்கும் குசலப் பிரசினமாகிவிட்டது. ஏறத்தாழ 24 ஆண்டுகளாகத் தீராதிருந்த சம்பள முரண்பாட்டை முன்வைத்து, 2021 யூலை 12ஆம் திகதி தொடங்கி ஒக்டோபர் 25 வரையில் இலங்கை முழுவதும் ஆசிரியரும் அதிபரும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றபோது, அவர்களுக்கு எதிராக அதிகம் எடுத்தாளப்பட்ட ஆயுதம் சட்டமன்று, 'குருத்துவம்' என்பதே. அந்த ஆண்டின் ஆசிரியர் தினமாகிய ஒக்டோபர் 6ஆம் திகதியும் அவ்விடைவெளிக்குள்ளேயே வந்து போயிற்று. வடக்கிலும் கிழக்கிலும் தொண்டர் ஆசிரியர் என்ற பெயரோடு, நியமனம் ஒருநாள் வரும் என்ற நம்பிக்கையையே வேதனமாகப் பெற்று ஆண்டுக்கணக்காகப் படிப்பித்தவர்களின் கதை இதனினும் நீண்டது. 2006ஆம் ஆண்டின் யுத்தத்தில் சம்பூர்ப் பக்கத்திலிருந்து துரத்துண்டு வந்த சனங்கள் கிளிவெட்டி முகாமின் கொட்டில்களில் வருஷக்கணக்காகக் காத்திருந்து, 2015இலேதான் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். அந்த இடைக்காலத்தில், தாமும் அகதிகளாயிருந்த இளம்பெண்கள் பிள்ளைகளைக் கூட்டி வைத்து எழுத்தறிவித்தார்கள் என்றால், அது தொண்டுதான், அதில் சந்தேகமில்லை. ஆபத்துக் காலத்தில் மனமுவந்து செய்த அந்தத் தொண்டு, ஆபத்து நீங்கிய பின்னரும் ஒரு ஸ்தாபனத்தின் நிரந்தர வரவு செலவுத் திட்டமாகிவிடலாமா என்பதே கேள்வி.

பழைய உதவி நன்கொடைப் பாடசாலைகளின் காலத்திலும் இவ்விவகாரம் இருந்தது. அரசாங்கம் மானியம் கொடுக்கும், மிஷனோ சைவச் சபையோ பாடசாலையை நடத்தும், முகாமையாளர் சம்பளம் வழங்குவார் என்ற அமைப்பில், முழுத் தொகைக்குக் கையொப்பம் வைத்துவிட்டுக் குறைந்த தொகையை எண்ணி வாங்கிக்கொண்டு போன ஆசிரியர் பலர். குறைந்த பகுதிக்குக் 'கட்டட நிதிக்கு நன்கொடை' என்று கணக்குக் காட்டப்படும். பாக்கு நீரிணைக்கு இப்பாலும் அப்பாலும் இம்முறைப்பாடு ஒன்றுபோலவே எழுந்தது. எல்லா முகாமையாளரும் அப்படியல்லர்; தம் கைப்பொருளை இட்டுப் பாடசாலை நடத்தியவர்களும் இருந்தார்கள். ஆயினும் 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அப்பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்கு மாறியபோது, சமய ஸ்தாபனங்கள் அடைந்த துயரத்தை அவற்றின் ஆசிரியர் எல்லாரும் சமமாகப் பகிர்ந்துகொண்டார்கள் என்று சொல்லமுடியாது.

துறவு மனப்பான்மையோடு பள்ளிக்கூடம் நடத்துவது எங்ஙனம் என்பதற்கு ஆறுமுக நாவலரைக் காட்டிலும் பெரிய உதாரணம் நம்மவரிடையே இல்லை. 1848ஆம் ஆண்டில் வெஸ்லியன் பாடசாலையில் தாம் வகித்த உத்தியோகத்தையும் அதன் சம்பளத்தையும் விட்டு வெளியேறிய அவருக்கு, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபின் அதனைத் தாங்குவதற்கு வீடுவீடாகப் பிடியரிசி சேர்க்க நேர்ந்தது. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று: அவர் துறந்தது தம்முடைய சம்பளத்தை, கையேந்தியது பிறருடைய வயிற்றுக்காக. இவ்விரண்டையும் இடம்மாற்றிப் போட்டு, தம்முடைய மரியாதைக்கும் வசதிக்கும் ஒரு குறைவும் வராமல், பிறருடைய சம்பளத்தைத் துறந்துவிடுகின்ற முகாமையாளர் நாவலருடைய படத்துக்கு மாலை போடலாம். அவருடைய வழியில் நிற்பதாகச் சொல்லமுடியாது.

ஆனால் சாஸ்திரமே கூலிக்குக் கற்பிப்பதைக் கண்டிக்கின்றதே என்று ஓர் ஆட்சேபம் எழும். அதை அலட்சியமாகத் தள்ளிவிடலாகாது. மனு ஸ்மிருதி, கூலி பேசி வேதம் ஓதுவிப்பவனைச் சிராத்தத்துக்கு அழைக்கத்தகாதவர் வரிசையில் வைக்கின்றது. அந்த விலக்கு எந்தச் சமுதாயத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். அரசன் விட்ட நிலமும், கிருகஸ்தன் இட்ட பிக்ஷையும், கற்று முடித்தவன் கொண்டுவந்த தக்ஷிணையும் ஆசாரியனுடைய அடுப்பை எரியவைத்துக்கொண்டிருந்த ஒரு சமுதாயத்தில், 'பணம் கொண்டுவராத பிள்ளைக்குக் கதவை அடைக்காதே' என்று ஆசாரியனுக்கு இட்ட கட்டளை அது. தைத்திரீய உபநிடதத்தில் குருகுலம் விட்டுச் செல்லும் மாணாக்கனுக்குச் செய்யும் உபதேசத்திலேயே, ஆசாரியருக்குப் பிரியமான பொருளைக் கொண்டுவந்து கொடு என்பதும் சேர்ந்திருக்கின்றது. நிலத்தையும் பிக்ஷையையும் தக்ஷிணையையும் எடுத்துவிட்டு விலக்கை மாத்திரம் வைத்துக்கொள்வது தர்மத்தின் ஒரு காலை வெட்டிவிட்டு அதை நடக்கச் சொல்வதாகும். தமிழ் மரபோ இவ்விஷயத்தில் இன்னும் வெளிப்படையானது. கல்வியின் பெருமையைப் பாடிய பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், ஆசிரியருக்கு இடுக்கண் வந்தபோது உதவியும் மிகுந்த பொருள் கொடுத்தும் கற்க வேண்டும் என்று கூசாமற் சொல்லியிருப்பதைப் புறநானூறு படித்தவர் அறிவர். முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் என்னும் ஊரின் கல்வெட்டு, அங்கிருந்த கல்விச்சாலையில் 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் இருந்ததையும், ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் அளக்கவேண்டிய நெல்லையும் கல்லிலே வெட்டி வைத்திருக்கின்றது. அளவு குறையக்கூடாது, நாள் தவறக்கூடாது என்ற எண்ணமின்றி யாரும் கல்லில் வெட்டுவதில்லை.

தக்ஷிணை என்பது விரும்பினாற் கொடுக்கும் இனாம் அன்றோ என்பாரும் உளர். மீமாம்சகர் அப்படிக் கருதவில்லை. யாகத்தில் ருத்விக்குகளுக்குக் கொடுக்கும் தக்ஷிணை, அவர்களுடைய ஊழியத்தைப் பெறுவதற்காகக் கொடுக்கப்படுவதேயன்றித் தானம் அன்று என்பது ஜைமினி சூத்திரத்தின் வழிவந்த முடிவு; புண்ணியத்துக்காகக் கொடுப்பது வேறு, வேலை செய்தவருக்குரியதைக் கொடுப்பது வேறு என்று அத்துணைக் கண்டிப்பாக அவர்கள் பிரித்தார்கள். தக்ஷிணையற்ற யாகத்தைக் கீதையும் தாமச யாகம் என்று ஒதுக்குகின்றது. மந்திரமும் நெய்யும் அக்கினியும் எவ்வளவு செவ்வையாக இருந்தாலும், வேலை செய்தவன் வெறுங்கையோடு போனால் யாகம் நிறைவேறவில்லை என்றால், பரீட்சைப் பெறுபேறும் விளையாட்டுப் போட்டிக் கேடயங்களும் சுவரில் தொங்கும் ஒரு பாடசாலையைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்கலாம் அல்லவா?

இங்கே முகாமையாளர் தரப்பின் உண்மையான துன்பத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பணம் இல்லை, பெற்றோர் கட்டணம் கட்டவில்லை, இல்லாததை எங்கிருந்து கொடுப்பது? காளிதாசர் இக்கேள்விக்கு இரகுவமிசத்தின் ஐந்தாம் சருக்கத்தில் ஒரு கதையால் விடை கூறியிருக்கிறார். வரதந்துவின் சீடனாகிய கௌத்ஸன் தக்ஷிணை தருவேன் என்று வற்புறுத்த, 'உன் பக்தியே போதும்' என்று சொல்லிப்பார்த்த குரு, அவன் விடாமையினாற் சினந்து, கற்பித்த வித்தைகள் பதினான்குக்குப் பதினான்கு கோடி கொண்டுவா என்று விட்டார். அவன் இரகுவிடம் வந்த நேரமோ, அரசன் விசுவஜித் யாகத்தில் சர்வஸ்வத்தையும் தானமாகக் கொடுத்து முடித்திருந்த நேரம். அதிதியை உபசரிக்க மண்பாத்திரமே மிஞ்சியிருந்தது. அதைக் கண்டவுடன் கௌத்ஸன் திரும்பிப் போக எழுந்தான். இரகு, 'பொக்கிஷம் காலி' என்று சொல்லியிருந்தால் உலகம் அவனைக் குறை கூறியிராது. பொருள் முழுவதும் யாகத்திலன்றோ போயிற்று! அவனோ, குருவுக்குரிய பொருளைத் தேடிவந்தவன் தன் வாசலில் அது பெறாமல் வேறிடம் போனான் என்ற அபவாதம் தனக்கு வேண்டாம் என்று, இரண்டு மூன்று நாள் தங்கச் சொல்லிவிட்டுக் குபேரன்மேலேயே படையெடுக்கத் தேரை ஆயத்தம் செய்தான். பயந்த குபேரன் இரவோடிரவாகப் பொன்மழை பெய்வித்தான். பின்னர் நடந்தது இன்னும் விசேஷம்: எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்று இரகு நிற்க, குருவுக்குரியதற்கு மேல் ஒரு காசும் வேண்டாம் என்று கௌத்ஸன் நிற்க, அயோத்தி மக்கள் இருவரையும் மெச்சினார்கள். சம்பளத் தகராறு என்றால் அது தகராறு! தானம் முடிந்துவிட்டது என்பதைக் கடனுக்குச் சாக்காக அவன் காட்டவில்லை என்பதே என் கருத்துக்கு வேண்டியது. குபேரன் நமக்குப் பயப்படமாட்டான் என்பது மெய்தான். ஆனால் கோபுரத்துக்கு வர்ணம் பூசவும் பரிசளிப்பு விழாவுக்குப் பந்தல் போடவும் படையெடுக்கின்ற இடங்களுக்கு, நிலுவைக்காகவும் ஒருமுறை தேர் கட்டிப் பார்க்கலாம்.

இனி, கீதை. ஆசிரியரைப் பொறுத்திருக்கச் சொல்வோர் எல்லாரும் முடிவில் வந்து சரணடைவது பலன் கருதாக் கருமம் என்னும் அந்தக் கோட்டையில்தான். கருமத்தின் பலனில் பற்று வைக்காதே என்று கண்ணன் சொன்னது உண்மை. யாருக்குச் சொன்னான்? கருமம் செய்கின்ற அர்ச்சுனனுக்கு. பாண்டவருக்குரியதைப் பிடித்து வைத்திருந்த துரியோதனனுடைய சபைக்குத் தூது போனபோது அதே கண்ணன், 'அவர்கள் பற்றற்றவர்கள், அவர்களுக்கு எதற்கு நாடு?' என்று பேசினானா? பாதி இராச்சியம் கொடு என்றும், ஐந்து ஊராவது கொடு என்றும் கேட்டான். செய்பவனுக்கு ஓர் உபதேசம்; கொடுக்க வேண்டியவனுக்கு வேறோர் உபதேசம். பெற்றதற்கு ஈடு செய்யாமல் அனுபவிப்பவன் கள்வன் என்ற வாக்கியமும் கர்மயோகம் பேசும் அந்த அத்தியாயத்திலேயே இருக்கின்றது. அர்ச்சுனனுக்குச் சொன்னதைத் துரியோதனன் காதில் வாங்கிக்கொண்டு திருப்பி அர்ச்சுனனுக்கே ஓதினால் எப்படியிருக்குமோ, நிலுவை வைத்த நிர்வாகம் நிஷ்காமிய கர்மம் பேசுவது அப்படியே இருக்கின்றது. தியாகம் என்பது ஒருவன் தன்வசம் உள்ளதை விடுவது. சம்பளம் ஆசிரியையின் கைக்கு வந்துவிட்ட பின்னர், அதில் ஒரு பங்கை அவள் பள்ளிக்கே கொடுத்தால் அது தியாகம். கைக்கு வருமுன் மறித்து வைத்துக்கொண்டால், அவள் இழந்தது பணத்தை மாத்திரமன்று, அதைத் துறந்திருக்கக்கூடிய சுதந்திரத்தையுமாம்.

இதற்கு மறுபுறமாக, வேதனம் வாங்கும் ஆசிரியன் அடிமையாகிவிடுவான் என்ற அச்சமும் நம் முன்னோருக்கு இருந்தது. அந்த அச்சத்துக்குத் துரோணரே சாட்சி. குழந்தை பாலுக்கு அழ, மாவு கரைத்த நீரைப் பாலென்று ஊட்டிய வறுமை அவருடையது. அஸ்தினாபுரத்தில் வாங்கிய பொருளோ, நீதி எப்பக்கம் என்று தெரிந்தும் கௌரவர் பக்கத்தில் அவரைக் கட்டி நிறுத்தியது. ஆயினும் இக்காலத்தில் உற்றுப் பார்த்தால், கொடுத்த சம்பளத்தைக் காட்டிலும் கொடாத சம்பளமே வலிய கட்டாக இருப்பது விளங்கும். மாதாமாதம் சம்பளம் பெறுபவள் மனம் ஒவ்வாவிட்டால் விலகிப் போகலாம். ஏழு மாத நிலுவை உள்ளவள் போனால் ஏழு மாதமும் போய்விடும் என்று பயந்து எட்டாம் மாதமும் நிற்கிறாள், பிழையைக் கண்டும் வாய்திறவாமல் நிற்கிறாள். நன்றியால் கட்டுண்ட துரோணருக்காவது உண்ட சோறு ஒன்று இருந்தது.

ஆசிரியத் தொழிலை உயர்த்திப் பேசுவதனாலேயே ஆசிரியர் தாழ்ந்துபோன ஒரு வழக்கையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றம் 1988ஆம் ஆண்டில், சுந்தராம்பாள் எதிர் கோவா அரசு என்ற வழக்கில், கல்வி புகட்டுவது ஓர் உன்னதமான பணி, ஆகையால் அதைச் செய்பவர் கைத்தொழில் தகராறுச் சட்டம் கூறும் தொழிலாளி அல்லர் என்று தீர்த்தது. நீதிபதிகளுக்கு ஆசிரியர்மேல் விரோதமில்லை. அவர்களுக்கெனப் பரிகாரம் வேறு வகுக்கவேண்டும் என்று சட்டசபைகளுக்கு எடுத்துச் சொல்லவும் செய்தார்கள். ஆனால் அன்றைய விளைவு, தொழிலாளிக்குத் திறக்கும் கதவு ஆசிரியைக்குப் பூமாலையால் அடைக்கப்பட்டது என்பதே. பணிக்கொடை விஷயத்திலும் இதே கதை நடந்தது: 2004இல் ஆசிரியருக்கு அது சட்டப்படி இல்லை என்று தீர்ப்பாக, 2009இல் பாராளுமன்றம் 1997 ஏப்ரல் 3 முதல் செல்லுபடியாகும் வண்ணம் சட்டத்தைத் திருத்த, தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து வழக்காட, 2022 ஓகஸ்ட் 29ஆம் திகதி திருத்தம் செல்லும் என்று முடிந்தது. இடையில் கொரோனாக் காலம் வந்து, பள்ளிகள் மூடப்பட்டுச் சம்பளம் நின்றபோது, தெலுங்கானா அரசு 2021இல் தனியார் பள்ளி ஊழியருக்கு மாதம் 2000 ரூபாவும் 25 கிலோ அரிசியும் கொடுத்தது. எண்ணாயிரத்து நெல்லளவை ஆயிரம் ஆண்டுகள் கழித்து வேறொரு மொழியில் திரும்பிவந்ததுபோல எனக்குத் தோன்றிற்று.

ஏழை ஏழைக்குக் கடன்பட்டிருக்கும்போது இத்தருக்கமெல்லாம் எம்மட்டு நிற்கும் என்று கேட்டால், அவ்விடத்தில் என் உறுதி சற்றுக் குறைகின்றது. கூலிவேலைக்குப் போகும் தாய் முன்பள்ளிக் கட்டணத்தை அறுவடைக்குப் பிறகு தருகிறேன் என்றால், அவளைப் பாவி என்று சொல்ல எனக்கு வாய் வராது; அவளிடம் கண்டிப்புக் காட்டாத ஆசிரியையே அந்தக் கடனைத் தாங்கியவளாகிறாள். ஆயினும் இல்லாமையாற் பிந்துவதும், எது முந்தவேண்டும் என்று தீர்மானித்துப் பிந்தவைப்பதும் ஒன்றல்ல. எங்கள் பக்கத்து நிர்வாக சபை ஒன்றின் கூட்டத்துக்கு நான் போயிருந்தபோது, பெயர் எதற்கு, திருவிழாவுக்கு மதிலுக்கு வெள்ளையடிக்கும் செலவு முதலாம் விடயமாகவும், ஆசிரியையின் நிலுவை 'ஏனைய விடயங்கள்' என்ற தலைப்பின் கீழும் இருந்தது. தனாதிகாரி நல்ல மனிதர், வயதானவர்.

"சேவை எண்டு நினைச்சுச் செய்யுங்கோ ரீச்சர், அம்மாள் பார்த்துக்கொள்ளுவா" என்றார்.

"நான் சேவைதான் ஐயா செய்யிறன். கடைக்காரர் சேவை செய்யிறாரில்லையே" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல்.

சபையில் சிலர் சிரித்தார்கள். சிரித்தபின் வெள்ளையடிப்பு ஒத்திவைக்கப்பட்டு, ஏழு மாதத்தில் மூன்று மாதக் கொடுப்பனவை அன்றே கொடுப்பதென்று முடிவாயிற்று. தனாதிகாரி கொண்டுவந்த பற்றுச்சீட்டிலோ, 'இன்றுவரை சேரவேண்டிய முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று முன்னமே அச்சடித்திருந்தது. ஆசிரியை பேனாவை வாங்கி, 'முழுத்' என்பதன் மேல் ஒரு கோடு கிழித்து, 'மூன்று மாதத்துக்குரிய' என்று மேலே எழுதி, மிச்சம் நான்கு மாதத்தின் பெயர்களையும் ஓரத்தில் குறித்துக் கையொப்பமிட்டாள். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த தனாதிகாரி, திருத்தத்துக்குப் பக்கத்தில் தம் சுருக்கொப்பத்தையும் வைத்தார்.